தையல் இல்லாத கரடி

அந்தக் கரடியின் அக்குளில் தையல் இல்லை.

நுழைவாயில் வரிசையில் நிற்கும்போதே அவள் அதைக் கவனித்துவிட்டாள். ஆயத்த ஆடை ஆலையில் ஆறு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள். ஒரு ஷிப்டுக்கு நானூறு சட்டை அவள் கையைத் தாண்டிப் போகும். சட்டையைத் தொட்டதும் விரல் முதலில் போவது அக்குளுக்குத்தான். நாலு துண்டுத் துணி வந்து சந்திக்கிற இடம். தப்பு நடந்தால் அங்கேதான் நடக்கும். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதலாக நின்ற அந்தப் பழுப்புக் கரடி குழந்தைகளைக் கட்டிப்பிடிக்கக் கைகளை விரிக்கும்போதெல்லாம் அந்த இடம் நன்றாகத் தெரிந்தது. தோளிலிருந்து விலா வரைக்கும் ரோமம் ஒரே தோலாகச் சுழித்து இறங்கியிருந்தது. கழுத்தில் மூட்டு இல்லை. முதுகில் ஜிப் இல்லை.

"மாமா, அந்தக் கரடிக்குள்ள ஆளு எப்படிப் போயிருப்பான்?"

"எப்படியோ போனான். போனவனுக்கு வரத் தெரியாதா? நமக்கென்ன?"

அவள் கணவன் அத்தை மகன்தான். கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகிறது. லிஃப்ட் மெக்கானிக். அந்த வருடத்தின் சிறந்த ஊழியர் என்று அவன் கம்பெனி கொடுத்த பரிசுதான் இந்த நாலு நாள் வெளிநாட்டுப் பயணம். அவளுக்குச் சின்ன உருவம், கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான நாக்கு. அதனால் அவன் அவளை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவான்.

"லீவுல வந்தும் செக்கிங்கா ஊசி? போனை எடு. நான் போய் நிக்கிறேன், ஒரு போட்டோ எடு."

குழந்தைகளோடு குழந்தையாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கையை விரித்துக்கொண்டு ஓடினான். அவள் போனைத் தூக்கினாள். பிள்ளைகளை அந்தக் கரடி பட்டும் படாமலும்தான் அணைத்திருந்தது. அவனைச் சுற்றி மட்டும் இரண்டு கைகளும் முழுதாக மூடின. முதல் படம். இரண்டாவது படம். ஐந்தாவது படம் எடுத்தபோதும் அது விடவில்லை. அவன் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன. அவனுடைய சிரிப்பு பாதியில் அறுந்தது. கரடி தலையைச் சாய்த்து, மோந்து பார்ப்பதுபோல, அவன் பிடரியில் முகத்தைப் புதைத்தது.

பிறகு விட்டது.

"செம பிடிடி!" என்று விலாவைத் தடவிக்கொண்டே வந்தான். "முதுகெலும்பு ஒவ்வொண்ணும் சொடக்கு விழுந்துச்சு."

சட்டையின் முதுகில் இரண்டு உள்ளங்கை அளவுக்கு ஈரம் இருந்தது. கைக்குட்டையால் துடைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நாள்கணக்கில் மூடிக்கிடந்த கிடங்கில் நனைந்த கம்பளியின் மக்கல் வாசனை. அதற்கு அடியில், விரலில் ஊசி ஏறும்போது வருமே, அந்த இரும்பு வாடை.

திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாகக் கரடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் கண்ணாடிக் கண்களுக்குக் கீழே, கன்ன ரோமத்தில் இரண்டு கோடுகளாக ஈரம் இறங்கியிருந்தது.

காலை முழுவதும் வெயிலும் வாத்திய இசையும் சர்க்கரைப் பாகின் வாசனையுமாகத்தான் போனது. எழுபதடி உயரத்துக்கு ஏற்றிச் சென்று கீழே விடுகிற கோபுரத்தில், "ஏத்தி இறக்குறதே என் பொழப்பு, இங்கயும் அதுவேதானா?" என்று அவன் அலுத்துக்கொண்டான், ஆனால் இறங்கியதும் மறுபடியும் போய் வரிசையில் நின்றான். அவளும் சிரித்தாள். ஆனால் எங்கே திரும்பினாலும் ஒரு கரடி நின்றது. பலூன் வண்டிக்குப் பக்கத்தில் ஒன்று. ராட்டினத்தின் கீழே ஒன்று. எல்லாம் ஒரே நிறம். ஒரே உயரம் மட்டும் இல்லை. ஒன்று குட்டை, ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு இடது கால் கொஞ்சம் தாங்கல். மொத்தம் ஒன்பது என்று எண்ணினாள்.

தாங்கித் தாங்கி நடந்த கரடிக்கு ஒரு காது கிழிந்திருந்தது. அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"என்னடி?"

"அதோட காதுல பொருக்கு இருக்கு மாமா. புண்ணு ஆறுனா வருமே, அந்தப் பொருக்கு."

"சாயமா இருக்கும்."

"துணி கிழிஞ்சா நூல்தான் பிரியும். பொருக்குத் தட்டாது."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? இங்க இருட்டுகூட இல்ல, பட்டப்பகல்லயே உனக்குப் பேய் தெரியுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் வளைத்து முதுகைச் சொறிந்தான். காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று அவளுக்குக் கணக்கு விட்டுப்போயிருந்தது.

மதியச் சாப்பாட்டை அவன் தொடவில்லை. தண்ணீர் மட்டும் நாலு பாட்டில் குடித்தான். முகம் சிவந்து, காதோரம் வேர்வை வழிந்தது. "வெயில் ஒத்துக்கல. கொஞ்சம் குளிர்ச்சியா எங்கயாச்சும் உக்காருவோம்" என்றான். எதிரே குகைப் படகுச் சவாரி இருந்தது. இருவர் இருவராக உட்காரும் சின்னப் படகுகள் கரிய வாய்க்குள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

உள்ளே இருட்டு கெட்டியாக இருந்தது. பாசி வாசனையோடு தண்ணீர் படகின் அடிவயிற்றில் தளக் தளக் என்று தட்டியது. எங்கோ முன்னால் போகும் படகிலிருந்து ஒரு பெண்ணின் கூச்சலும் சிரிப்பும் சுவரில் மோதி மோதித் திரும்பி வந்தன. அவன் அவள் தோள்மீது கையைப் போட்டான். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. சாய்ந்துகொண்டாள். கை கனத்தது. இன்னும் கொஞ்சம் இறுகியது. அவள் கழுத்தைத் திருப்பினாள். கன்னத்தில் மெத்தென்று ஏதோ உரசியது. கை இன்னும் இறுகியது. தோள்பட்டை எலும்பு உள்ளுக்குள் நெரிந்தது.

"மாமா, வலிக்குது. கையை எடுங்க."

அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"மாமா, விளையாடாதீங்க. கையை எடுங்க."

"எடுக்கத்தான் பாக்குறேன்" என்றான் அவன். அப்படி ஒரு குரலில் அவன் பேசி அவள் கேட்டதில்லை. "வர மாட்டேங்குது ஊசி."

படகு வெளிச்சத்துக்கு வந்து கரையில் முட்டியபோதுதான் கை விட்டது. இறங்கியதும் ஒரு சுவர் மறைவுக்குக் கூட்டிப்போய் அவன் சட்டையைத் தூக்கினாள்.

முதுகில் இரண்டு கை அடையாளங்கள். விரல் விரலாக, பழுப்பு ரோமம் முளைத்திருந்தது. பிடரியில் ஒரு வட்டம். அங்கிருந்து தோள்களுக்கும் இடுப்புக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஓடியது, அவள் பார்க்கப் பார்க்க, தோலின் நுண்ணிய துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஒவ்வொரு இழையை வெளியே தள்ளின. ஒட்டிக்கொண்டதாக இருக்கும் என்ற கடைசி நப்பாசையில் நாலு இழையைச் சேர்த்துப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அவன் அலறினான். இழைகள் வேரோடு வந்தன. நாலு துளையிலும் நாலு சொட்டு ரத்தம்.

"போயிடலாம் மாமா. இப்பவே. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

நுழைவாயில் அரை மைல் தூரம். பாதிகூட நடக்கவில்லை, கால்கள் மடிந்து அவன் உட்கார்ந்துவிட்டான். நீலச் சட்டை போட்ட பூங்காக் காவலாளி ஒருவன் எங்கிருந்தோ சக்கர நாற்காலியோடு வந்தான். கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்தான். அவனுடைய ஊர் மொழி இவர்களுக்குத் தெரியாது. அவன் சிரித்தான், சிவப்புச் சிலுவை போட்ட ஒரு கதவைக் காட்டினான், தள்ளிக்கொண்டு போனான். அவள் கூடவே ஓடினாள்.

வெள்ளை ஓடு பதித்த சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு தட்டில் பஞ்சும் கட்டுத்துணியும் கத்தரிக்கோலும், சுவரில் ஒரு கடிகாரம். நர்ஸ் நடுவயதுக்காரி. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

எத்தனை மணிக்கு?

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, கரடி அணைத்த நேரத்தை, விரல்களால் பத்து என்று காட்டினாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்தாள். மாத்திரை எடுப்பாள் என்று அவள் நினைத்தாள். நர்ஸ் எடுத்தது அளவு நாடா. அவன் தலையைச் சுற்றி அளந்தாள், மார்பை அளந்தாள், கையின் நீளத்தை அளந்தாள். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதினாள். சட்டைக்கு அளவு எடுக்கிறவள்கூட இடையில் ஒரு தடவை முகத்தைப் பார்ப்பாள். இவள் பார்க்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு வெளியே போனாள். கதவுக்கு வெளியே தாழ் விழுந்தது.

அவள் கதவை அடித்தாள். உதைத்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே வாத்திய இசை இரட்டிப்பாகக் கேட்டது.

"ஊசி."

கட்டிலில் குப்புறக் கிடந்தான். ரோமம் காதுகளைத் தாண்டிவிட்டது.

"வெட்டு."

"என்ன மாமா சொல்றீங்க?"

"கத்தரிக்கோல் இருக்குல்ல. வெட்டி எடு. தோலோட போகட்டும், பரவாயில்ல. உன் கையில ஒரு நூல் பிசிறு நிக்காதுல்ல? வெட்டுடி!"

தலையணை உறையை வாயில் திணித்துக்கொண்டான். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். முதுகில் கை அடையாளத்தின் ஓரத்தில் ரோமத்தைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, தோலுக்கடியில் முனையை விட்டாள். ஈரத் தோலை வெட்டும் சத்தம் துணி வெட்டும் சத்தம் மாதிரியே இருந்தது. நறுக். நறுக். நறுக். ரத்தம் விலா வழியாக இறங்கி விரிப்பில் ஊறி, கட்டில் விளிம்பிலிருந்து ஓட்டின்மேல் சொட்டியது. அவன் கால்கள் கட்டிலின் இரும்புச் சட்டத்தை உதைத்தன. அவள் அழுதுகொண்டே வெட்டினாள், வரிசை பிசகாமல், ஆறு வருடப் பழக்கம் விரல்களில் இருந்தது. உள்ளங்கை அளவுத் துண்டு வந்தது. கீழே போட்டாள். தொப்பென்று விழுந்தது.

அடியில் சதை இல்லை.

வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தொட்டாள். பஞ்சு. ரத்தத்தில் நனைந்த, சூடான பஞ்சு. அவன் மூச்சு வாங்கும்போதெல்லாம் அது உப்பி உப்பி அடங்கியது. இழுத்துப் பார்த்தாள். வந்தது. இன்னும் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றாள். "சின்னதாத்தான் இருக்கு. சரியாயிடும்."

வெட்டிய விளிம்புகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. தொட்டன. ஒட்டின. தையல் இல்லை.

உடம்பு உப்பி, சட்டையும் பேண்ட்டும் கிழிந்து விழ, அவன் எழுந்து உட்கார்ந்தான். அவளை நன்றாகப் பார்க்கவேண்டும் என்பதுபோல முகத்தைத் திருப்பினான். அந்த முகத்தில் கண்களும் வாயும் மட்டும்தான் மிச்சம். "ஊசி, வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தான். உதடுகள் ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தன. நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதன் வழியாக மூச்சு விசில்போல் வந்தது. பிறகு அதுவும் மூடியது. வாய் இருந்த இடத்தில் கறுப்பாய் ஒரு வளைந்த கோடு. சிரிக்கிற கோடு. கண்கள் ஒரு தடவை சிமிட்டின. அடுத்த தடவை சிமிட்டவில்லை. கண்ணாடி.

தாழ் திறந்தது. நீலச் சட்டைக்காரனும் பின்னால் நர்ஸும் வந்தார்கள். அவன் மாட்டைத் தட்டுவதுபோல அந்தப் பழுப்புத் தோளைத் தட்டிக்கொடுத்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் கத்தரிக்கோலை நீட்டினாள். ஒரே எட்டில் வந்து அவள் மணிக்கட்டை முறுக்கினான். இன்னொரு கையால் அவள் கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. இரண்டாவது தடவை மோதத் தலையைப் பின்னால் இழுத்தான்.

இழுத்த கை விட்டுப்போனது.

கரடி அவனைப் பின்னாலிருந்து அணைத்திருந்தது. மெதுவாக, அன்பாக. நீலச் சட்டைக்காரன் முதலில் ஏதோ அதட்டினான். அப்புறம் கெஞ்சினான். அப்புறம் காற்றில்லாமல் வாய் மட்டும் அசைந்தது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு வரிசையாக. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ரத்தம் குமுறி நீலச் சட்டையில் வழிந்தது. கைகள் இன்னும் இறுகின. ஏதோ ஒன்று உள்ளே பொத்தென்று உடைந்தது. விட்டதும், எலும்பில்லாத மூட்டையாக அவன் தரையில் மடிந்தான். நர்ஸ் கதவைத் திறந்துபோட்டு ஓடிவிட்டாள்.

காப்பாற்றிவிட்டான். அவள் மனசு அதைத்தான் சொன்னது. உருவம் போனால் என்ன, உள்ளே மாமாதான் இருக்கிறான், எனக்காகத்தான் செய்தான்.

கரடி அவள் பக்கம் திரும்பியது. கைகளை விரித்தது.

"மாமா, நான்தான். ஊசி."

ஓர் அடி எடுத்து வைத்தது. கைகள் விரிந்தே இருந்தன.

"வேண்டாம் மாமா."

சுவரோடு ஒட்டினாள். அந்தக் கைகளின் ரோமத்திலிருந்து ரத்தம் அவள் பாதத்தில் சொட்டியது. இரும்பு வாடை. கம்பளி வாடை. அவ்வளவு பக்கத்தில். அப்போது வெளியே முரசு அதிர்ந்தது; மாலை ஊர்வலத்தின் முரசு. கரடியின் காதுகள் நிமிர்ந்தன. கைகளைத் தொங்கவிட்டு, கதவுப்பக்கம் திரும்பி, தளர்ந்த நடையில் வெளியே போனது.

அவள் கத்தரிக்கோலோடு பின்னாலேயே ஓடினாள். அரை இருட்டான நடைவழியின் முடிவில் ஒரு திரை. திரைக்கு அந்தப்பக்கம் சாயங்கால வெயில், காகிதப் பூமழை, தெருவின் இரண்டு பக்கமும் ஜனக்கூட்டம். ஒன்பது கரடிகள் ஆடிக்கொண்டு போயின. பத்தாவது போய்ச் சேர்ந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பழுப்பு ரோமத்தில் ரத்தத்தின் நிறம் எடுத்துத் தெரியவில்லை, நனைந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி, அஞ்சு வயதுகூட இருக்காது, தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து அதை நோக்கி ஓடினாள்.

"தொடாதே! பாப்பா, தொடாதே!"

யாருக்கும் புரியவில்லை. ஒருத்தர் இரண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்து, தலையிலிருந்து வழியும் ரத்தத்தைப் பார்த்து, வேஷம் என்று நினைத்துச் சிரித்தார்கள். கரடி குனிந்தது. பிள்ளையைத் தூக்கியது. கைகள் மூடின. முழுதாக மூடின.

அப்பாக்காரன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பிள்ளையின் கால்கள் காற்றில் உதைந்தன. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. சிரிப்பு நின்றுபோனது.

அவள் கயிற்றைத் தாண்டினாள். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடிந்திருக்காது. கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து, தூக்கிய கைக்குக் கீழே, அக்குளில், கைப்பிடி வரை இறக்கினாள். உருவினாள். மறுபடி இறக்கினாள். "விடுங்க மாமா! விட்டுடுங்க!" மறுபடி. ரத்தமும் பஞ்சும் அவள் முகத்தில் தெறித்தன. ஐந்தாவது குத்தில் கைகள் தளர்ந்தன. பிள்ளை சரிந்து விழுந்து, இருமி, வீறிட்டு அழுதது. உயிரோடு இருந்தது.

கரடி மண்டியிட்டது. அவள்மீது சாய்ந்தது. அந்தப் பாரத்தில் அவளும் மண்டியிட்டாள். கனத்த தலை அவள் தோளில் விழுந்தது. கைகள் அவளைச் சுற்றி வந்தன; இறுக்கவில்லை. சும்மா கிடந்தன. மார்புக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு துடிப்பு. ஒன்று. நீண்ட இடைவெளி. ஒன்று.

அப்புறம் இல்லை.

முரசு மட்டும் நிற்கவில்லை. கரடிகள் ஆட்டத்தை நிறுத்தியிருந்தன. ஒன்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

கைகளை விரித்தன.

எழுந்திருக்கப் பார்த்தாள். செத்த பாரம் விடவில்லை. கத்தரிக்கோல் அவன் அக்குளில் சிக்கிக் கிடந்தது. முதலில் தாங்கித் தாங்கி நடந்த கரடி வந்தது. குனிந்தது. இருவரையும் சேர்த்து அணைத்தது. அதற்கு மேல் குட்டை. அதற்கு மேல் ஒல்லி. சூடு. கம்பளி. பிடரியில் ஒரு முகம் புதைந்தது. விலாவில் முதல் எலும்பு சொடக்கென்று முறிந்தது.

கூட்டம் கை தட்டியது.

கைகளுக்கு நடுவே சட்டையின் காஜாத் துளை அளவுக்கு ஓர் இடைவெளி மிச்சமிருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். சிறுமி அப்பாவின் தோளில் இருந்தாள். அழுகை நின்றிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. அப்பா அவள் சின்னக் கையைப் பிடித்து, இந்தப் பக்கம் பார்த்து டாட்டா காட்டவைத்தான். பக்கத்தில் நின்றவர்களும் காட்டினார்கள். தெரு முழுக்கக் கைகள்.

இன்னொரு கரடி வந்து குனிந்தது.